அழுதபடியே பேசுகிறவன்

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் தயாராகிக்கொள்ள வேண்டும். பள்ளி விடுதியில் ஐந்து வருடம் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து எழுந்தவன் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மற்றவர்கள் அழுதால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். தோற்றுப் போனார்கள், இனி முதுகைத் தட்டி ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியதுதான். அவன் அழுதால் விஷயம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

பெயர் வேண்டாம். மலேசியாவில், ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேருக்கு அவனைத் தெரியும். எழுத்தில் பெயரைப் பார்த்தால் அவனுக்குக் கூச்சமாகிவிடும். விடுதியில் செல்வம் அவனுக்கு வைத்த பெயர் பைப்பு. நாற்பது வருடத்துக்குப் பக்கமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அது போதும்.

அவன் அழுவதைப் பார்த்திராதவர்களுக்கு அதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். விம்மல் கிடையாது. குரல் உடையாது. முகத்தில் ஒரு கோணலும் இருக்காது. பேசிக்கொண்டே இருப்பான், இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சட்டைத் தோளில் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் அம்மா தோட்டத்து மருந்தகத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்களாம். பிரயோஜனமில்லை.

“ஏண்டா அழுவுற?” என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வான்.

“நான் எங்க அழுவுறேன்? கண்ணு அது வேலையப் பாக்குது. நான் என் வேலையப் பாக்குறேன்.”

இந்தக் கண்ணோடுதான் அவன் பெண் கேட்டுப் போனான். சுங்கை சிப்புட் பக்கத்தில் வீடு. பெண்ணின் அப்பா ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தோட்டம் விற்கப்பட்டு, மரங்களை வெட்டி, வீடமைப்புத் திட்டம் வந்த பிறகும் அந்த அதிகாரம் அவர் குரலிலிருந்து போகவில்லை. அவர் முன்னால் உட்காரவே ஆட்கள் யோசிப்பார்கள். பெரியவர்கள் முறைப்படி போவதற்கு முன் தானே ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இவனுக்குப் பிடிவாதம். துணைக்கு நானும் செல்வமும். செல்வத்தின் வேனில்தான் போனோம். வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவன், அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்துவிட்டான்.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன தம்பி, யாரும் தவறிட்டாங்களா?” என்று செல்வத்திடம் கேட்டார்.

“அய்யோ, இல்ல மாமா. பொண்ணு கேட்டு வந்துருக்கான்.”

“பொண்ணு கேட்டா? இவன் இப்படி அழுவுறானே. புடிக்காதவனக் கட்டாயப்படுத்திக் கூட்டியாந்தீங்களா?”

“நான்தான் மாமா இவங்களக் கட்டாயப்படுத்திக் கூட்டியாந்தேன்” என்றான் அவன். கன்னம் இரண்டும் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. குரல் மட்டும் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் குரல் மாதிரி. “ஒங்க பொண்ண எனக்குக் குடுங்க. கமுந்திங் ஃபேக்டரில நிரந்தர வேலை. குடிக்க மாட்டேன். அம்மாவும் நானுந்தான் வீட்ல. நீங்க இன்னைக்குச் சரின்னு சொல்ல வேணாம். அடுத்த மாசமும் வருவேன்.”

“அடுத்த மாசமும் இப்படித்தான் அழுவியா?”

“அது என் கையில இல்ல மாமா.”

உள்ளே சமையலறையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே அடங்கியது. பெரியவர் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினார். சொன்னபடி அடுத்த மாதமும் போனோம், அதற்கடுத்த மாதமும் போனோம். மூன்றாவது தடவை போனபோது இவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் கைப்பிடியில் சலவைத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் செல்வம் என் தொடையில் தட்டினான். “முடிஞ்சிருச்சு மச்சான். சரின்னுட்டாரு” என்று காதுக்குள் சொன்னான்.

அந்தப் பெண் எங்களுக்கு இப்போது தங்கச்சி. ஒருமுறை என்னிடம் சொன்னது: “இவரு வீட்ட விட்டுக் கெளம்பறப்ப கண்ணு ஈரமா இருந்துச்சுன்னா நான் சோத்த லேட்டாத்தாண்ணே வடிப்பேன். அன்னைக்கு எவன்கிட்டயோ மல்லுக்கு நிக்கப் போறாருன்னு அர்த்தம். வர நேரமாவும்.”

எங்களுக்கு இது முதன்முதலில் தெரிந்தது ஒரு கோழித் துண்டில்.

ஈப்போவில் ஒரு அரசாங்கப் பள்ளியின் விடுதி அது. பேரா மாநிலத்தின் மூலைமுடுக்குத் தோட்டங்களிலிருந்து, தினமும் பஸ் பிடித்து வர வழியில்லாத பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை இல்லை. கோப்பெங்கில் அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, மளிகைக் கடை. வீட்டிலிருந்தால் நான் புத்தகத்தைத் தொட மாட்டேன், கடைக் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று அத்தா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில். வியாழக்கிழமை மத்தியானம் கோழி. ஆளுக்கு ஒரு துண்டு.

முதல் வருடத்து, அதாவது முதலாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் துண்டு வாய்க்கு எட்டாது. வரிசையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஐந்தாம் படிவத்து அண்ணன்மார் மேசையைக் கடந்துதான் வர வேண்டும். அவர்கள் கரண்டியை நீட்டுவார்கள். கோழி அந்தப் பக்கம் போய்விடும். வெறும் சோற்றோடும் குழம்போடும் நாங்கள் எங்கள் மேசைக்கு வருவோம். அங்கே அது நெடுநாள் வழக்கம் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அவன் விடுதிக்கு வந்த முதல் வியாழக்கிழமை. அவன் தட்டிலும் கரண்டி விழுந்தது. மேசை வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்தான், எழுந்தான், தட்டோடு திரும்பிப் போய் அவர்கள் மேசைக்கு முன்னால் நின்றான். கண்ணில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது.

“அபாங், அது என் கோழி” என்றான் மலாயில். அபாங் என்றால் அண்ணன்.

கூடமே சிரித்தது. அவர்களில் பெரியவன் ஒருவன், பள்ளி ஹாக்கிக் குழுவில் இருந்தவன், “போய் உன் அம்மாகிட்ட அழு” என்றான். இவன் நகரவில்லை. பிச்சை கேட்கிற முகமும் இல்லை அது. பஸ் வரும் என்று தெரிந்து நிற்கிறவன் முகம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. ஒருவன் எதிரில் நின்று கண்ணீர் விட்டபடி நம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், யாருக்குத்தான் சோறு இறங்கும்? ஹாக்கிக்காரன் எரிச்சலோடு ஒரு துண்டை எடுத்து இவன் தட்டில் போட்டான்.

இவன் துண்டைப் பார்த்தான். பிறகும் நகரவில்லை.

“என்னோடது கால். இது நெஞ்சு.”

அவ்வளவுதான். கூடம் இன்னொரு தடவை வெடித்தது. இந்தத் தடவை ஹாக்கிக்காரனும் சேர்ந்து சிரித்தான். காலைத் தேடி எடுத்துக் கொடுத்தான். இவன் “தெரிமா காசி, அபாங்” என்று நன்றி சொல்லிவிட்டு, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அன்றைக்குத்தான் செல்வம் பைப்பு என்று பெயர் வைத்தான். அடுத்த வியாழக்கிழமை கரண்டி மறுபடியும் நீண்டபோது நாங்கள் நாலைந்து பேர் அவனுக்குப் பின்னால் போய் நின்றோம். எங்களுக்குக் கண்ணீர் வரவில்லை, தட்டை மட்டும் நீட்டினோம். அந்த மாதம் முடிவதற்குள் கரண்டிகள் நின்றுவிட்டன.

இதையெல்லாம் வைத்து அவன் தொட்டதற்கெல்லாம் அழுகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள். அவன் அம்மா பால்மரம் சீவுகிறவர். இரண்டு பஸ் மாறி, டிபன் கேரியரில் மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் எடுத்துக்கொண்டு வருவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் கையில் ரப்பர் பால் வாடை லேசாக இருக்கும். சாயங்காலம் அவர்களெல்லாம் திரும்பிப் போனதும் விடுதியில் ஒரு சத்தமும் இருக்காது. பெரிய பெரிய சூரர்களெல்லாம் துணி துவைக்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். இவன் மட்டும் கேட்டில் நின்று, பஸ் மறைகிற வரைக்கும் பல் தெரியக் கையாட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டு வருவான்.

“உங்கம்மா போறாங்களே, அழுகை வரலயாடா ஒனக்கு?” என்று கேட்டேன்.

அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “அம்மா போவணும்லா. போனாத்தான் விடிகாலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுல நின்னு பேர் குடுக்க முடியும், வேலைக்குப் போவ முடியும். இதுல நான் செய்யறதுக்கு என்ன இருக்கு?”

செய்வதற்கு ஏதாவது இருந்தால்தான் அவனுக்குக் கண்ணீர் வரும். நான் அதைப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். துக்கத்துக்கும் அவன் கண்ணுக்கும் பெரிய சம்பந்தமில்லை. பயந்தாலும் செய்தே தீர வேண்டும் என்ற ஒன்று எதிரில் வந்தால் தண்ணீர் இறங்கும்.

அதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, துவைக்கிற இடத்துக்குப் பின்னால் சிகரெட் துண்டுகள் கிடந்தன. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனவன் நான் என்று யாரோ வார்டனிடம் சொல்லிவிட்டார்கள். வார்டன் எங்கள் பள்ளி ஆசிரியர்தான். ஆசிரியரை மலாயில் “சிக்கு” என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷர், ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மாற மாட்டார். சிகரெட் குடித்தால் விடுதியை விட்டே அனுப்பிவிடுவார்கள். அத்தாவை வரச் சொல்லி ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். நான் அவர் அறையில் நின்றுகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இவன் உள்ளே வந்தான். முகம் நனைந்திருந்தது.

“சிக்கு, குடிச்சது காசிம் இல்லை. வேற ரெண்டு பேர். நான் பார்த்தேன்.”

வார்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு ரொம்ப வருஷ அனுபவம். பொய் சொல்கிற பையன்கள்தான் என் முன்னால் அழுவார்கள்.”

“நான் அழுவேன், சிக்கு. ஆனா சொல்றது பொய் இல்ல.”

“எங்கேயிருந்து பார்த்தாய்? அந்த இடம் எந்த ஜன்னலுக்கும் தெரியாதே.”

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். அந்த இடம் வேலிக்கு வெளியே இருந்து பார்த்தால்தான் தெரியும். வேலி தாண்டுவது சிகரெட்டுக்கு அடுத்த பெரிய குற்றம். தலையைக் குனிந்துகொண்டு, தூரத்திலிருந்து பார்த்தேன் என்று ஏதாவது மழுப்பியிருக்கலாம்.

“வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, சிக்கு. செண்டோல் குடிக்கத் தாண்டிப் போனேன். திரும்பி வர்றப்போ பார்த்தேன்.”

வார்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு ஒரு கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். “துடைத்துக்கொள்” என்றார். இவன், “துடைச்சாலும் வரும், சிக்கு” என்றான். என்னை அன்றே விட்டுவிட்டார்கள். அவனுக்கு அந்தப் பள்ளித் தவணை முழுவதும் வீட்டுக்குப் போகும் விடுப்பு ரத்து.

நானும் போகவில்லை, உன்னோடு இருக்கிறேன் என்றேன். அவன் என் பையை எடுத்துக் கையில் திணித்தான். “போடா. ரெண்டு பேரும் இங்க ஒக்காந்து என்ன பண்ணப் போறோம்? உங்கம்மா ஈரல் வறுத்தாங்கன்னா மறக்காம எடுத்துட்டு வா.” அம்மா வறுத்தது போதாதென்று அத்தா கடையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னையும் அவனுக்கென்று கட்டிக் கொடுத்தார்.

பள்ளி முடிந்த சில வருடங்களில் நானும் அவனும் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். கமுந்திங்கில் மேசை நாற்காலி செய்கிற ஆலை. பால் நின்றுபோன ரப்பர் மரங்களை வெட்டி, பலகையாக அறுத்து, வெளிநாட்டுக்குச் சாமான் செய்து அனுப்புவார்கள். மரம் லோரியில் வந்து இறங்கும்போது பட்டையில் சீவிய தழும்பைத் தடவிப் பார்த்து, “எங்கம்மா சீவுனதா இருக்கும்” என்பான். நான் ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. அவன் அறுவைப் பகுதியில் ஆளோடு ஆளாகச் சேர்ந்து, மெதுவாக மேற்பார்வையாளன் ஆனான். அவனுக்குக் கீழே நேபாளத்திலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களிடம் மலாயும் நேபாளியும் கலந்து ஒரு பாஷை பேசுவான்.

ஒரு பெரிய ஆர்டர் வந்த சமயம். கன்டெய்னர் கப்பலுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வட்ட ரம்பத்தின் மேல் பல் தெரியாமல் மூடுகிற இரும்புக் கவர் ஒன்று உண்டு. அது இருந்தால் தடித்த பலகை மெதுவாகத்தான் போகும். மேனேஜர் வந்து, ஆர்டர் முடிகிற வரைக்கும் கவரைக் கழற்றி வைக்கச் சொன்னார். இவன்தான் கழற்றினான். கழற்றியதை என் ஸ்டோருக்குக் கொண்டுவந்து அலமாரிக்கு அடியில் வைத்தான். மேனேஜரும் கூடவே வந்து நின்றார். “கொஞ்ச நாளைக்குத்தான்” என்றார்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் தீபக் என்ற நேபாளப் பையனின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நான் ஸ்டோரிலிருந்து ஓடிப்போனபோது இவன் அந்தப் பையனின் கையைத் தன் சட்டையால் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வேன் பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். தைப்பிங் மருத்துவமனையில் சாயங்காலம் வரை அவனோடு இருந்துவிட்டு, ரத்தம் காய்ந்த பனியனோடு ஆலைக்குத் திரும்பினான்.

அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வருவார்கள் என்று தெரிந்ததும் மேனேஜர் இவனைத் தனியாகக் கூப்பிட்டார். பையன் வேகமாக முடிக்க வேண்டுமென்று தானே கவரைக் கழற்றிவிட்டான் என்று சொன்னால் போதும், அவனுக்குக் கம்பெனி ஏதாவது பார்த்துச் செய்யும் என்றார். நாளைக்கு உனக்கும் பிள்ளை குட்டி வரும் என்றும் சொன்னாராம். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அவன் மனைவி மாசமாக இருந்தாள்.

விசாரணை மீட்டிங் அறையில் நடந்தது. ஸ்டோர் கிராணி என்பதால் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். வந்த அதிகாரி முக்காடு போட்ட இளம் பெண். மேனேஜர் தயார் செய்து வைத்ததை ஒழுங்காகச் சொல்லி முடித்தார். அதிகாரி இவன் பக்கம் திரும்பி, “நீங்கள்தானே மேற்பார்வையாளர்? கவரைக் கழற்றியது யார்?” என்று கேட்டார்.

அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். அறைக்குள் நுழையும்போதே அவன் கண் தளும்பியிருந்தது.

“நான்தான் கழற்றினேன்” என்றான்.

மேனேஜர் சட்டென்று குறுக்கே புகுந்தார். “மேடம், இவர் அந்தப் பையன் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தவர். பாருங்கள், எப்படி அழுகிறார். என்ன பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. வெளியில் போய்க் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.” எழுந்து வந்து அன்பாக இவன் தோளில் கையும் வைத்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அழுகிறவன் பேச்சை யார் கணக்கில் எடுப்பார்கள்? “கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா? பிறகு பேசலாம்” என்றார் அந்தப் பெண்.

“வேண்டாம், மேடம். நான் அழவில்லை. கண் அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன்.” மலாயில் அதைக் கேட்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் தோளிலிருந்த கையை எடுத்து மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டு, தொடர்ந்தான். “கழற்றச் சொன்னது இவர். கழற்றியது நான். ஆபத்து என்று எனக்குத் தெரியும். முடியாது என்று நான் சொல்லவில்லை. அது என் தப்பு. அதை எழுதிக்கொள்ளுங்கள். தீபக் மேல் ஒரு தப்பும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”

தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாக மேசைக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்தப் பெண் பேனாவை எடுத்தார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். என் குரல் அவன் குரல் மாதிரி இல்லை. கவர் இன்னும் என் ஸ்டோரில்தான் இருக்கிறது, வேண்டுமானால் இப்போதே காட்டுகிறேன், ஸ்டோருக்குள் மெஷின் ஆட்கள் யாரும் வர முடியாது, இவன் கொண்டுவந்து வைத்தபோது மேனேஜரும் பக்கத்தில் நின்றார் என்று சொன்னேன். அதிகாரி எழுந்தார். “காட்டுங்கள்” என்றார்.

தீபக்குக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது. எல்லா ரம்பத்திலும் கவர் ஏறியது. மேனேஜர் சில மாதத்தில் வேறு எங்கோ போய்விட்டார். இவனையும் கம்பெனி சும்மா விடவில்லை. தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் அல்லவா, மேற்பார்வையாளன் வேலையை எடுத்துவிட்டு, வெளியே வெயிலில் மரம் இறக்குகிற இடத்தில் போட்டார்கள். “ஞாயந்தானே?” என்றான். நான் கோபப்பட்டதற்கு என்னையே சமாதானப்படுத்தினான். அந்த விசாரணைக்கு வந்த பெண், போகும்போது அவனிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென்று படிப்பு இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம், உங்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டும் என்று. வெயிலில் மரம் இறக்கிக்கொண்டே அதைப் படித்தான். முதல் தடவை பரீட்சையில் தேறவில்லை, இரண்டாம் தடவை தேறினான். இன்றைக்கு அவன் பாதுகாப்பு அதிகாரி. ஈப்போவிலிருந்து சுற்றிலும் எத்தனையோ சின்ன ஆலைகளுக்குப் போய்ப் பார்த்து, எது சரியில்லை என்று சொல்லி, சரிசெய்ய வைக்கிற வேலை. முதலாளிகளுக்கு அவனைக் கண்டால் பிடிக்காது. ஆனால் அவன் பார்த்துச் சரி என்று சொன்ன மெஷினில் பிள்ளைகள் தைரியமாகக் கை வைப்பார்கள்.

நான் அத்தாவுக்கு உடம்பு முடியாத சமயத்தில் வேலையை விட்டுவிட்டு வந்து, ஈப்போ சிலிபினில் சாப்பாட்டுக்கடை போட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் கூட்டம் குறைந்ததும் விடுதிக்காரர்கள் என் கடையில் கூடுவோம். பஸ் ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், தாதியாக இருக்கும் மகளைப் பற்றி மட்டுமே பேசுகிறவன் என்று பத்துப் பன்னிரண்டு பேர். செல்வம் இப்போது லோரி உதிரிப் பாகக் கடை வைத்திருக்கிறான். அவன் வந்துவிட்டால் வேறு யாரும் பேச முடியாது.

இந்த வருடமும் கோழிக் கதையைச் செல்வமே ஆரம்பித்து அவனே முடித்தான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அவனுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

“டேய் பைப்பு, உண்மையச் சொல்லணும். ஒன் வாழ்க்கையில, கண்ணுல தண்ணி வராம ஒரு பெரிய காரியமாச்சும் செஞ்சிருக்கியா?”

அவன் மீன் முள்ளை இலையின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். “செஞ்சிருக்கேன்” என்றான்.

“பொய் சொல்லாத. எப்போ?”

“அந்தக் கவரக் கழட்டுனப்போ.”

செல்வம் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“மேனேஜர் கழட்டுன்னாரு. ஸ்பானர எடுத்தேன், போல்ட்டத் திருவுனேன், கையில தூக்கிட்டு நேரா காசிம் ஸ்டோருக்குப் போயிட்டேன். ஒரு சொட்டு வரல மச்சான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அந்த ரம்பத்துக்கு முன்னாலதான் நின்னேன். பல்லு தெரியத் தெரிய ஓடுது, அந்தப் புள்ள கை அது பக்கத்துல போயிட்டுப் போயிட்டு வருது. என் கண்ணு காஞ்சு கெடந்துச்சு.” இலையிலிருந்து தலையைத் தூக்கினான். “அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்லா.”

செல்வம் கூஜாவை எடுத்து அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். நான் எழுந்து போய் அவன் இலையில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிட்டான். தீபக் ஊருக்குத் திரும்பிப்போய்ப் பலசரக்குக் கடை வைத்திருப்பதையும், அவன் பெரிய மகளுக்குப் போன மாதம் கல்யாணம் ஆனதையும், வீடியோவில் தன்னையும் கூப்பிட்டு ஆசீர்வாதம் பண்ணச் சொன்னதையும் அவனாகவே சொன்னான். பேச்சு மெதுவாகப் பழைய நிலைக்கு வந்தது.

கை கழுவிவிட்டு வந்தவனிடம், “நாளைக்கு எங்க வேலை?” என்று கேட்டேன்.

“கோப்பெங். பெட்டி செய்யற ஃபேக்டரி ஒண்ணு. அங்க பிரஸ் மெஷின் ஒண்ணு தானா எறங்குது. ரெண்டு தடவ போயிச் சொல்லிட்டேன், முதலாளி சிரிச்சிட்டே தே தாரிக் ஒரு கிளாஸ் வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு. நாளைக்குப் போயி, மெஷின நிப்பாட்டுற வரைக்கும் அந்த எடத்த விட்டு நவுற மாட்டேன்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்வம் பதறிப்போய் டிஷ்யூ டப்பாவை அவன் பக்கம் தள்ளினான். “டேய், இப்பவேவா? இன்னும் கோப்பெங்கே போகலயேடா!”

“சும்மா, ஒத்திகைலா” என்றான் அவன், இரண்டு டிஷ்யூவை உருவிக்கொண்டு.

கோப்பெங்கில் அந்த முதலாளி அந்த நேரத்தில், பாவம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்திருப்பார்.